பழைய சைக்கிளை விற்கும் முன் அளந்து வையுங்கள்: சரியான அளவில் ரோடு பைக் வாங்க ஒரு வழிகாட்டி

செகண்ட் ஹேண்ட் சைக்கிள் விளம்பரங்களைக் கொஞ்ச நாள் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். "500 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, புதுசு மாதிரி இருக்கு" என்று வரும் ரோடு பைக்குகளில் (மெல்லிய டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள வேகச் சைக்கிள்கள்) பலவற்றுக்குப் பின்னால் ஒரே கதைதான். ஆசையாக வாங்கியிருப்பார்கள். ஓட்டினால் கழுத்து வலித்திருக்கும், உள்ளங்கை மரத்துப் போயிருக்கும். நாலு ஞாயிற்றுக்கிழமை சமாளித்துப் பார்த்துவிட்டு பால்கனியில் நிறுத்தியிருப்பார்கள். சைக்கிளில் குறை ஒன்றும் இருக்காது. அவர்கள் உடம்புக்குப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே ஒரு சைக்கிள் வைத்திருந்து, அடுத்ததைச் சரியான அளவில் வாங்கி, பழையதை விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரிசை முக்கியம்: முதலில் உங்கள் உடம்பை அளக்க வேண்டும், அப்புறம் பழைய சைக்கிளை, அதற்கப்புறம்தான் கடை. பழையதை விற்பது கடைசி வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பழையதை அவசரமாக விற்று, அந்தக் காசையும் சேர்த்துப் புதியதை வாங்கி, பிறகு "பழைய சைக்கிளில் சீட் எந்த உயரத்தில் இருந்தது?" என்று யோசிக்கிறார்கள்.

இன்ச் கணக்கை விட்டுவிடுங்கள்

நம் ஊரில் சைக்கிள் அளவு என்றாலே இன்ச்தான். தாத்தா ஓட்டிய கறுப்பு சைக்கிளை 22 இன்ச், 24 இன்ச் என்று சொன்னால் அது ஃபிரேமின் உயரம்; சக்கரம் இரண்டிலுமே 28 இன்ச். அந்த 24 இன்ச்சில் சீட்டுக்கு எட்டாத பையன்கள்தான் பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டார்கள். இப்போது பிள்ளைகளுக்கு வாங்கும் 16 இன்ச், 20 இன்ச் என்பதோ சக்கரத்தின் அளவு. மவுண்டன் பைக்கில் சொல்லும் 26, 27.5, 29 எல்லாமும் சக்கரக் கணக்குதான்.

ரோடு பைக்கில் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் சக்கரம் ஒன்றுதான், 700சி. ஐந்தடி ஆளும் ஆறடி ஆளும் அதே சக்கரத்தில்தான் ஓட்டுகிறார்கள். மாறுவது ஃபிரேம். அதை 49, 52, 54, 56 என்று சென்டிமீட்டரில் சொல்வார்கள், அல்லது எக்ஸ்எஸ், எஸ், எம், எல் என்பார்கள். முன்பெல்லாம் 54 என்றால் சீட் குழாய் 54 செ.மீ. நீளம் என்று பொருள் இருந்தது. 1990களின் பிற்பகுதியில் ஜயண்ட் நிறுவனத்தின் டிசிஆர் மாடல் மேல்குழாயைப் பின்பக்கம் சாய்த்துக் கொண்டுவந்த வடிவம் எங்கும் பரவிய பிறகு சீட் குழாய் குட்டையாகிவிட்டது. இன்று "54" என்று ஒட்டியிருக்கும் ஃபிரேமில் 54 செ.மீ. நீளக் குழாய் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எஸ்-ஆகவும் இருக்கலாம். ஆகவே "நண்பன் என் உயரம்தான், அவன் எம் ஓட்டுகிறான்" என்பதை வைத்துக்கொண்டு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

உடம்பை அளப்பது

உயரம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு உடல்பகுதி நீளமாகவும் இருக்கும். இருவருக்கும் ஒரே ஃபிரேம் பொருந்தாது. அதனால் கவட்டிலிருந்து தரை வரையுள்ள நீளம் வேண்டும். இதை இன்சீம் என்பார்கள். பேண்ட் தைக்க எடுக்கும் அளவு இதற்கு உதவாது, அது குறைவாக வரும்.

செருப்பில்லாமல் சுவரில் முதுகை ஒட்டி, பாதங்களை ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் குறைவாக விரித்து நில்லுங்கள். கெட்டி அட்டை போட்ட புத்தகத்தைக் கால்களுக்கிடையில் வைத்து, அதன் முதுகு மேலே இருக்க, ஒரு விளிம்பு சுவரில் ஒட்டியிருக்க, மேலே இழுங்கள். சீட்டில் உட்காரும்போது தெரியும் அழுத்தம் வரவேண்டும், கூச்சப்பட்டு லேசாக வைத்தால் இரண்டு சென்டிமீட்டர் தப்பிவிடும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

இந்த அளவை 0.883 ஆல் பெருக்கினால் வருவது, கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். டூர் டி பிரான்ஸை வென்ற முதல் அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் வழியாக 1980களில் பிரபலமான கணக்கு இது. இன்சீம் 78 செ.மீ. என்றால் சீட் உயரம் ஏறக்குறைய 68.9 செ.மீ. அந்தக் காலத்துப் பெடலும் ஷூவும் தடிமன் என்பதால் இப்போது சில மில்லிமீட்டர் குறைத்துத் தொடங்குவது நல்லது. கணக்கு பிடிக்காதவர்களுக்கு எளிய வழி ஒன்று: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முட்டி மடங்காமல் நேராக நின்றால் உயரம் சரி. முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டிக்குத் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும்.

இதே இன்சீமை 0.65 முதல் 0.67 வரை பெருக்கினால் பழைய கணக்குப்படி ஃபிரேம் அளவு வரும். 78-க்கு 51, 52 என்று வருகிறது. எந்த வட்டாரத்தில் தேட வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது போதும்.

பழைய சைக்கிளிடமிருந்து எடுக்க வேண்டிய நான்கு அளவுகள்

நான் அதிகம் வலியுறுத்துவது இந்தக் கட்டத்தைத்தான். உங்கள் உடம்பு பல மாதம் உட்கார்ந்து, நொந்து, பழகிய ஒரு பொருள் வீட்டிலேயே இருக்கிறது. எந்த ஆன்லைன் கால்குலேட்டரும் தராத தகவல் அதில் இருக்கிறது. டேப், ஒரு நூல், நூல் நுனியில் கட்ட ஒரு நட்டு (கொத்தனாரின் தூக்குக்குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது), இவை போதும். சைக்கிளைச் சமதரையில் நேராக நிறுத்துங்கள்.

முதல் அளவு, கிராங்க் மையத்திலிருந்து சீட் குழாயை ஒட்டி சீட்டின் மேல்பரப்பு வரை. இரண்டாவது, சீட்டின் மூக்கிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூல் கிராங்க் மையத்துக்கு எத்தனை செ.மீ. பின்னால் விழுகிறது என்பது. மூன்றாவது, சீட் மூக்கிலிருந்து ஹேண்டில்பாரின் நடுப்பகுதி வரை. நான்காவது, தரையிலிருந்து சீட்டின் உயரத்தையும் ஹேண்டில்பாரின் உயரத்தையும் தனித்தனியாக எடுத்துக் கழித்தால் வரும் வித்தியாசம். கூடவே ஸ்டெம்மின் (ஹேண்டில்பாரை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் துண்டு) நீளம், ஹேண்டில்பாரின் அகலம், கிராங்கின் நீளம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இவை பெரும்பாலும் அந்தந்தப் பாகத்திலேயே பொறித்திருக்கும்.

பழையது நேர் ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் என்றால் முதல் இரண்டு அளவுகள் மட்டுமே புதியதற்கு அப்படியே உதவும். ரோடு பைக்கில் கை இருக்கும் இடம் பிரேக் லீவரின் மேல்முனை. அது ஹேண்டில்பாரின் நடுவிலிருந்து கணிசமாக முன்னால் இருக்கிறது. ஹைப்ரிட்டின் நீளத்தை அப்படியே கொண்டுபோனால் புதிய சைக்கிளில் படுத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டியிருக்கும்.

இப்போது அந்த எண்களுக்குப் பக்கத்தில், எங்கே வலிக்கிறது என்று எழுதுங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்பக்கம் இழுத்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இடமும் வலமும் ஆடினால் சீட் உயரம். கை மரத்தல், தோள்பட்டை இறுக்கம், கழுத்து வலி மூன்றும் சேர்ந்து வந்தால் ஹேண்டில்பார் தூரமாகவோ தாழ்வாகவோ இருக்கிறது, இல்லை சீட்டின் மூக்கு கீழே சாய்ந்து உடம்பு முழுக்கக் கையில் விழுகிறது. முழங்கால் ஏறும்போது வயிற்றில் இடிக்கிற மாதிரி, எல்லாம் குறுகிக்கிடக்கிற மாதிரி தோன்றினால் ஃபிரேம் சிறிது.

சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். 110 மி.மீ. ஸ்டெம்மைக் கழற்றிவிட்டு 90 மி.மீ. போட்டால் கை 2 செ.மீ. அருகில் வரும். ஸ்டெம்முக்கு மேலே ஸ்பேசர் வளையம் இருந்தால் அதை எடுத்துக் கீழே போட்டு ஹேண்டில்பாரை உயர்த்தலாம். 1 செ.மீ. ஸ்பேசர் உயரத்தைக் கூட்டுவதோடு தூரத்தையும் 3 மி.மீ. அளவுக்குக் குறைக்கும். புது சைக்கிளின் விலையோடு பார்த்தால் இதெல்லாம் செலவே இல்லை. செய்து பார்த்து, ஒரு மாதம் ஓட்டி, அப்போதும் சரிவரவில்லையா? சரி, புதியது பார்ப்போம். ஒன்றே ஒன்று: கை எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளி நீளத்தைக் குறைக்காதீர்கள். சீட்டின் இடத்தைத் தீர்மானிப்பது காலும் முட்டியும். கைக்காக அதை நகர்த்தினால் வலி தோளிலிருந்து முட்டிக்கு இடம் மாறும்.

ஸ்டாக், ரீச்: பார்க்க வேண்டிய இரண்டு எண்கள்

ஒவ்வொரு நிறுவனமும் தன் மாடல்களுக்கு ஜியோமெட்ரி அட்டவணை ஒன்றை வெளியிடும். அதில் இருபது வரி இருந்தாலும் தொடக்கத்தில் இரண்டு போதும். ஸ்டாக் என்பது கிராங்க் மையத்திலிருந்து ஃபிரேமின் முன்குழாய் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. ரீச் என்பது அதே உச்சி அதே மையத்துக்கு எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது. 52, 54, எஸ், எம் எல்லாம் அவரவர் வைத்துக்கொண்ட பெயர்கள். ஸ்டாக்கும் ரீச்சும் எந்த நிறுவனத்திலும் ஒரே முறையில் அளக்கப்படுபவை, அதனால் ஒப்பிட முடியும்.

ஒரே நிறுவனத்தின் 54 அளவிலேயே, பந்தயத்துக்கான மாடலைவிட நீண்ட தூரத்துக்கான எண்டியூரன்ஸ் மாடலில் ஸ்டாக் 2, 3 செ.மீ. கூடுதலாகவும் ரீச் 1 செ.மீ. வரை குறைவாகவும் இருப்பதைப் பார்க்கலாம். இரண்டிலும் "54" என்றுதான் ஒட்டியிருக்கும்.

பழைய சைக்கிளின் மாடல் பெயரை வைத்து அதன் அட்டவணையைத் தேடி எடுத்துவிட்டால் மீதி கூட்டல் கழித்தல்தான். பழையதில் ரீச் 385, ஸ்டெம் 100, கை 2 செ.மீ. தூரமாக இருக்கிறது என்று வையுங்கள். ரீச் 375 உள்ள ஃபிரேமில் 90 ஸ்டெம் போட்டால் கணக்கு நேராகிவிட்டது. ஹேண்டில்பாரும் 2 செ.மீ. தாழ்வு என்றால் ஸ்டாக் அந்த அளவு கூடிய ஃபிரேமைப் பாருங்கள். எல்லாவற்றையும் ஸ்பேசரால் உயர்த்தலாம் என்று நினைக்க வேண்டாம். ஃபோர்க்கின் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) குழாய் வெட்டப்பட்ட உயரத்துக்கு மேல் போக முடியாது, கார்பன் ஃபோர்க்கில் நிறுவனம் சொல்லும் உச்சவரம்பும் உண்டு.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால்? "சின்னதை எடு" என்பதுதான் வழக்கமான அறிவுரை. சின்ன ஃபிரேமை ஸ்டெம்மால் நீட்டலாம், பெரியதை ஓரளவுக்கு மேல் சுருக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் சின்னதில் ஹேண்டில்பாரும் தாழ்வாக வரும். குனிந்து பாதம் தொட முடியாத, நாளெல்லாம் கணினி முன் உட்காரும் நாற்பது வயதுக்காரருக்கு அது தண்டனை. அவர் பந்தய மாடலில் எந்த அளவு என்று குழம்புவதை விட்டுவிட்டு எண்டியூரன்ஸ் மாடலுக்குப் போவது மேல்.

160 செ.மீ.க்கும் குறைவான உயரமுள்ளவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இங்கே தனிச் சிக்கல் உண்டு. எக்ஸ்எஸ் அளவைக் கடைகள் இருப்பில் வைப்பது அரிது. கிடைத்தாலும் ஹேண்டில்பார் அகலம், கிராங்க் நீளம், லீவர் தூரம் மூன்றையும் பார்க்க வேண்டும். தோள் எலும்பின் அகலத்துக்கு 36 அல்லது 38 செ.மீ. ஹேண்டில்பார் போதுமானவருக்கு 42 போட்டுக் கொடுத்தால் எந்த ஃபிரேமும் பெரிதாகத்தான் தெரியும். கிராங்க் 165 கிடைத்தால் 170-ஐ எடுக்காதீர்கள். காத்திருந்து வரவழைப்பது எரிச்சல்தான், ஆனாலும் காத்திருங்கள்.

கடையில்

உங்கள் எண்கள் எழுதிய தாளோடு போங்கள். கடையில் இருப்பில் உள்ளது எல் மட்டும் என்றால், நீங்கள் எஸ் என்று தெரிந்தாலும், "சீட்ட எறக்கிக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்பார்கள். சீட்டை இறக்கலாம், உண்மை. ஃபிரேமின் நீளத்தை எப்படி இறக்குவது? தள்ளுபடி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். மாறாக, இன்சீம் அளந்து, ரோலரிலோ டிரெயினரிலோ (நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவிகள்) ஏற்றி உட்காரவைத்துப் பார்க்கும் கடை கிடைத்தால் விலை கொஞ்சம் கூடினாலும் அங்கேயே வாங்கலாம். ஸ்டெம்மை அளவுக்கேற்ப மாற்றித் தருவார்களா என்பதை பில் போடுவதற்கு முன் கேளுங்கள், பில் போட்ட பிறகு பதில் வேறு மாதிரி வரும்.

சீட்டை உங்கள் உயரத்துக்கு வைக்கச் சொல்லி, பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓட்டுங்கள். கடை வாசலில் இரண்டு சுற்று போதாது. பிரேக் லீவரின் மேல் கை வைத்து ஓட்டும்போது முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். நீட்டி விறைத்திருந்தால் தூரம் அதிகம். ஒரு கணம் கைகளின் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், உடம்பு முன்னால் சரியாமல் இடுப்பில் நின்றால் நல்லது. ஹேண்டில்பார் வளைவின் கீழ்ப்பிடிக்குப் போய் விரல்கள் பிரேக்கை எட்டுகின்றனவா என்று பாருங்கள். மெதுவாக யூ-டர்ன் எடுக்கும்போது ஷூ நுனி முன்சக்கரத்தில் உரசினால் பயப்பட வேண்டாம். சிறிய ஃபிரேம்களில் அது சகஜம், வேகத்தில் நடக்காது, ஆனால் நெரிசலில் திரும்பும்போது நினைவிருக்க வேண்டும். சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் செருகும் தண்டு) குறைந்தபட்சச் செருகல் கோடு ஒன்று இருக்கும். உங்கள் உயரத்துக்கு அந்தக் கோடு வெளியே தெரிந்தால் ஃபிரேம் உங்களுக்குச் சிறிது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இவற்றைப் பற்றித்தான் எல்லோரும் அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள். ஷிமானோ நிறுவனத்தின் கியர் வரிசைகளில் கிளாரிஸுக்குப் பின்னால் 8 கியர், சோரா 9, டியாக்ரா 10. 105 முன்பு 11, இப்போது 12. புதியவருக்கு கிளாரிஸோ சோராவோ தாராளம். 8, 9 கியர் செயின் சிறிய ஊரிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளோ கொல்லிமலையின் 70-ஓ மனதில் இருந்தால் முன்னால் உள்ள சிறிய பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் இருக்கிறதா என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள். டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல், 32-க்கும் இடம் இருக்கிற மாதிரி பாருங்கள். நம் சாலைகளில் 23 மி.மீ. டயருக்கு வேலை இல்லை. டிஸ்க் பிரேக் ஐப்பசி, கார்த்திகை மழையில் உதவும். ரிம் பிரேக் மோசமில்லை, ஆனால் பிறகு விற்பது கடினமாகிக்கொண்டே வருகிறது. ஹெல்மெட், முன்பின் விளக்கு, பம்ப், உதிரி ட்யூப் ஆகியவற்றுக்கு பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்குங்கள்.

புதியது வந்த பிறகு

பழைய சைக்கிளிலிருந்து எடுத்த சீட் உயரத்தையும் சீட்டின் பின்தள்ளலையும் முதலில் புதியதில் வையுங்கள், அவை உங்களுக்கு ஒத்துவந்தவையாக இருந்தால். கிராங்க் நீளம் வேறாக இருந்தால் அந்த வித்தியாசத்தைச் சீட்டில் ஈடுகட்டுங்கள்: கிராங்க் 5 மி.மீ. குறைந்தால் சீட் 5 மி.மீ. ஏறும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதுவும் சில மில்லிமீட்டர். உயரம், சாய்வு, ஸ்டெம் மூன்றையும் ஒரே மாலையில் திருகிவிட்டால் எது உதவியது என்று தெரியாது. சரியாக அமைந்ததும் சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு வாரம் ஓட்டி, இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தை வலியில்லாமல் முடித்த பிறகு பழையதை விற்கத் தொடங்கலாம்.

விற்பனைக்குத் தயார் செய்வது

உங்கள் பெடல், உங்களுக்குப் பழகிய சீட், விளக்கு, வேகமும் தூரமும் காட்டும் சைக்கிள் கணினி ஆகியவற்றைக் கழற்றிக்கொண்டு, வாங்கும்போது வந்த பாகங்களைப் போடுங்கள். நல்ல பாகங்களை ஏற்றி விற்றால் அவற்றின் விலை திரும்பக் கிடைக்காது. புது வீல்செட் போட்டு விற்பதும் அப்படித்தான். சிறு செலவுகள் வேறு. பிரேக் பேடு, கியர் கேபிள், கிழிந்த ஹேண்டில்பார் டேப் இவற்றை மாற்றினால் பார்ப்பவர் மனதில் சைக்கிளின் வயது குறைகிறது. செயின் தேய்மானத்தை அளக்கும் கருவி விலை குறைவு. 11 கியரில் 0.5 சதவீதமும், 8 முதல் 10 கியரில் 0.75 சதவீதமும் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள், அல்லது தாண்டியிருக்கிறது என்று சொல்லி விற்றுவிடுங்கள்.

கழுவும்போது எண்ணெய் ஸ்பிரே டிஸ்க்கில் படக்கூடாது. பட்டால் பிரேக் பேடு எண்ணெயைக் குடித்துவிடும், வாங்க வந்தவர் முதல் பிரேக்கிலேயே முகம் சுளிப்பார். சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்க்காரர்கள் ஒரு வேலையைக் கட்டாயம் செய்ய வேண்டும்: சீட் போஸ்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். ஈசிஆரில் வருடக்கணக்கில் ஓடிய சைக்கிளில் உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்து அலுமினியப் போஸ்ட்டை ஃபிரேமோடு பிடித்துவைத்திருக்கும். வாங்குபவர் சீட்டை ஏற்ற முயலும்போதுதான் அது தெரியவரும் என்றால் பேரம் அங்கேயே முறிந்துவிடும். வந்துவிட்டால் துடைத்து கிரீஸ் தடவிப் போடுங்கள் (கார்பனுக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று பேஸ்ட் இருக்கிறது). டிரெயினரில் அதிகம் ஓட்டியிருந்தால் ஸ்டெம் போல்ட்டுகளில் வியர்வைத் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலை வைக்கும்போது நீங்கள் கொடுத்த விலையை மறந்துவிட்டு, அதே தரத்தில் ஒரு புதிய சைக்கிள் இன்று என்ன விலை என்று பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய பில்லைக் காட்டிப் பேரம் பேசினால் எதிரில் இருப்பவர் இதைச் சொல்வார். நன்றாக வைத்திருந்த ஓராண்டு சைக்கிளுக்கு நடப்பு விலையில் மூன்றில் இரண்டு பங்கு கேட்கலாம் என்பது என் கணக்கு. மூன்று நான்கு ஆண்டு ஆகியிருந்தால் பாதிக்குக் கீழே போகத் தயாராக இருங்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால் அதிலும் குறையும், ஆனால் தலைவலி கிடையாது. மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் காலை வெளியே கிளம்பும் ஆசை எல்லோருக்கும் வரும். கத்திரி வெயிலில் விற்பதைவிட அப்போது விற்பது சுலபம்.

படம் எடுக்கும்போது செயின் பக்கம் கேமராவைப் பார்த்திருக்கட்டும். வெற்றுச் சுவர், காலை வெளிச்சம், முழு சைக்கிள் தெரியும் ஒரு படம் முதலில் வரவேண்டும். பிறகு கியர், பற்சக்கரம், டயர், பிரேக். கீறல்களை ஒளிக்காமல் அருகில் எடுத்துப் போடுங்கள். கிராங்க்குக்கு அடியில் இருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் போட வேண்டாம்.

விளம்பரத்தில் பெரும்பாலோர் விட்டுவிடும் விவரம் அளவுதான். உங்களுக்கு இப்போது அளவைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதால் அதை முதல் வரியில் போடுங்கள். இப்படி:

"ரோடு பைக் விற்பனைக்கு. ஃபிரேம் அளவு 54. உயரம் 172 முதல் 178 செ.மீ. வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும். ஸ்டாக் 560, ரீச் 382. 2022-இல் வாங்கியது, பில் இருக்கிறது. சோரா 9 கியர், டிஸ்க் பிரேக். செயினும் பின் பிரேக் பேடும் இந்த மாதம் மாற்றியவை. பின் டயர் பாதி தேய்ந்தது. மேல்குழாயில் ஒரு கீறல், ஆறாவது படத்தில் பார்க்கலாம். விபத்து இல்லை. பெடல் கிடையாது. எனக்குப் பெரிய அளவாக இருப்பதால் விற்கிறேன். அடையாறில் காலை வேளையில் நேரில் பார்க்கலாம். விலை 32,000, சற்றுப் பேசலாம்."

"எனக்குப் பெரியது" என்று எழுதினால் ஆள் வரமாட்டார்கள் என்று தயங்க வேண்டாம். அந்த அளவுக்காரருக்கு அது நல்ல செய்தி: சைக்கிள் பழுதானதால் விற்கவில்லை என்று புரிந்துகொள்வார். முதலில் உள்ளூர் சைக்கிள் குழுக்களின் வாட்ஸ்அப்பில் போடுங்கள், அங்கே அளவு புரிந்தவர்கள் இருப்பார்கள். ஓஎல்எக்ஸில் போடுவதென்றால் சைக்கிள் பிரிவைத் தேடிப் போடுங்கள். பைக் பிரிவில் போட்டால் "ஆர்.சி. புக் இருக்கா?" என்று வரும் போன்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

ஆள் வரும்போது

போனிலேயே உயரத்தைக் கேளுங்கள். 160 செ.மீ. ஆளுக்கு 54-ஐத் தள்ளிவிட்டால் காசு வரும், ஆனால் அவர் நீங்கள் பட்ட பாட்டையே படுவார். ஒரே ஊர்க் குழுவில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர் வேறு. நேராகச் சொல்லிவிடுங்கள்.

பார்க்க வருபவரைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்பது நியாயம். அவர் வந்த வண்டியின் சாவியோ அடையாள அட்டையோ உங்கள் கையில் இருக்கட்டும். பணம் விஷயத்தில் ஒரு பழைய ஏமாற்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: "ராணுவத்தில் இருக்கிறேன், நேரில் வர முடியாது, க்யூஆர் அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும்" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்க, பின் நம்பர் போடவே தேவையில்லை. பின் நம்பர் கேட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே உடனே ஒப்புக்கொள்பவரிடமும் கொஞ்சம் நிதானம் தேவை. ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், உங்கள் வங்கிக் கணக்கில் தொகை ஏறியதைப் பார்த்த பிறகு சைக்கிளைக் கொடுங்கள்.

ஒரு வெள்ளைத்தாளில் இருவர் பெயர், தேதி, மாடல், சீரியல் எண், தொகை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படம் எடுத்துக்கொள்வது போதும். அசல் பில்லையும் கொடுத்துவிடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். ஃபிரேமுக்கான நீண்டகால வாரண்டி பெரும்பாலும் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். அதைச் சொல்லியே விற்பது நல்லது.

வெளியூருக்கு அனுப்புவதென்றால் பக்கத்து சைக்கிள் கடையில் காலி அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்கள், பலர் சும்மாவே கொடுப்பார்கள். முன்சக்கரம், பெடல், சீட் போஸ்ட், ஹேண்டில்பார் இவற்றைக் கழற்ற வேண்டும். ஃபோர்க் நுனிகளுக்கிடையில் ஒரு பிளாஸ்டிக் கட்டை, ஹைட்ராலிக் டிஸ்க் என்றால் பேடுகளுக்கிடையில் ஒரு தகடு வையுங்கள். இல்லாவிட்டால் வழியில் யாராவது லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும். பின்னால் கியர் மாற்றும் டிரெய்லியரை, அதைத் தாங்கும் ஹேங்கரிலிருந்து கழற்றி ஃபிரேமுக்குள் கட்டிவிடுங்கள், பார்சலில் முதலில் வளைவது அதுதான். பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு வீடியோ எடுத்து, ரயில்வே பார்சலிலோ பஸ் பார்சலிலோ போட்ட ரசீதின் படத்தோடு வாங்கியவருக்கு அனுப்புங்கள். கூடவே இடது பெடல் மறுபக்கமாக முறுக வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ராத்திரி பத்து மணிக்கு அவரிடமிருந்து போன் வரும்.